மீனம்பாக்கம் பேசுவதைத் திருவான்மியூர் கேட்கலாமா?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் காலையிலிருந்தே காற்றும் மழையும். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று மீனம்பாக்கம் ஓடுபாதையைத் தொடப்போகும் நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, தள்ளாடி, அப்படியே மறுபடி மேலே எழும்பிப் போய்விட்டது. சில விநாடிகளே ஓடும் அந்தக் காணொளியை ஊரே பார்த்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: அந்த நேரத்தில் விமானி என்ன சொன்னார், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து என்ன பதில் வந்தது? காட்சி கைக்குக் கை மாறியது. பேச்சு மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

இதுவே நியூயார்க்கில் நடந்திருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கான ரிசீவர் கடையில் கிடைக்கிறது. பல நாடுகளின் விமான நிலைய ஒலிகளை இணையத்தில் நேரலையாகத் தரும் லைவ் ஏ.டி.சி. என்ற சேவை 2003 முதல் இயங்குகிறது. 2009 ஜனவரி 15 அன்று யு.எஸ். ஏர்வேஸ் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியபோது நடந்த வானொலி உரையாடல் உலகம் முழுக்க ஒலிபரப்பானது. அந்த விமானத்தின் அழைப்புப் பெயர் ‘கேக்டஸ் 1549’ என்பதைக்கூடப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். சென்னைக்காரர் ஒருவர் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தின் பேச்சைக் கேட்டுப் பழகலாம், பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் ஊர் விமான நிலையத்தின் பேச்சைக் கேட்க முடியாது. இந்த நிலை எப்படி வந்தது, அது சரிதானா, அதற்குள்ளும் புதிதாகக் கற்க விரும்புபவருக்கு என்ன வழி என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் அந்த அலைகளைப் பற்றி. சூரியன் எஃப்.எம். 93.5-இல் வருகிறது, மிர்ச்சி 98.3-இல். பண்பலை நிலையங்கள் 108 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதை ஒட்டி 118 வரை விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளின் சமிக்ஞைகள். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில்தான் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பேசிக்கொள்கிறார்கள். வீட்டிலுள்ள பண்பலை வானொலியின் முள்ளை எவ்வளவு திருகினாலும் இந்தப் பேச்சு வராது. அலைவரிசை வேறு என்பது ஒரு காரணம். பண்பேற்றும் முறையும் வேறு என்பது இன்னொன்று: விமானப் பேச்சு இன்றைக்கும் பழைய மீடியம் வேவ் வானொலியைப் போல ஏ.எம். முறையில்தான் போகிறது. அதற்குள் ஓர் உயிர்காக்கும் காரணம் இருக்கிறது. சற்றுப் பின்னால் வருகிறது.

இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்குத் தொடுவானம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு மேலே உயரத்தில் போகும் விமானத்தின் குரல் திருவான்மியூர் மொட்டைமாடியை எட்டுவதற்கு இயற்பியலில் தடையில்லை. பக்கத்திலிருக்கும் மீனம்பாக்கம் கோபுரத்தின் குரலோ, கிண்டிக்கும் வேளச்சேரிக்கும் நடுவிலுள்ள அடுக்குமாடிகளைத் தாண்டி வரவேண்டும். தரையில் நின்று கேட்பவர்களுக்கு உலகெங்கும் உள்ள அனுபவம் இதுதான்: விமானியின் பதில் மணிபோலக் கேட்கும், கட்டுப்பாட்டாளரின் கேள்வி கரகரக்கும் அல்லது கேட்கவே கேட்காது. பாதி உரையாடலை வைத்து மீதியை ஊகிப்பதுதான் தொடக்கக்காரரின் முதல் பயிற்சி.

ஊகிக்க உதவுவது ஊரின் காற்று. சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு இரண்டு முனைகள், இரண்டு எண்கள்: 07, 25. திசைகாட்டியில் 70 பாகையை நோக்கி ஓடினால் 07, எதிர்த்திசையில் 250 பாகையை நோக்கி ஓடினால் 25. இறங்குவதும் ஏறுவதும் காற்றை எதிர்த்தே நடக்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காலத்துக் காலைகளில் மேலைக்காற்று வீசும்போது விமானங்கள் கடலிலிருந்து வந்து, சாந்தோம் பக்கம் கரையைக் கடந்து, பரங்கிமலையை ஒட்டி 25-இல் இறங்கும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே நுழைந்ததும் எல்லாம் தலைகீழ்: பல்லாவரம், பம்மல் பக்கமிருந்து வந்து 07-இல் இறங்குவார்கள், கிளம்புகிறவர்கள் நகரத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் ஏறுவார்கள். திருவான்மியூர் கடற்கரையில் மாலையில் உட்கார்ந்து வடக்கே பார்ப்பவருக்கு, விளக்குகள் கரையை நோக்கி வருகின்றனவா கடலை நோக்கிப் போகின்றனவா என்பதிலேயே எந்த ஓடுபாதை நடப்பில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டாவது ஓடுபாதையான 12/30 அடையாற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஆறு பொங்கி வந்துதான் விமான நிலையம் சில நாட்கள் மூடிக்கிடந்தது.

இனி பேச்சின் ஒழுங்கு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கிய இந்தச் சேவை கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. வானொலியில் அந்த நிறுவனத்தின் பெயர் ‘அலைடு’. எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே விமானி தன் பாதைக்கு அனுமதி கேட்டு, நான்கு இலக்க அடையாள எண் ஒன்றைப் பெறுகிறார். ராடார் திரையில் அவரை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். அதன்பின் ‘சென்னை கிரவுண்ட்’ அவரைத் தரையில் வழிநடத்தி ஓடுபாதை வாசலில் நிறுத்துகிறது. ஓடுபாதைக்குள் நுழைய, கிளம்ப, இறங்க அனுமதி தருவது ‘சென்னை டவர்’ மட்டுமே. மேலே ஏறியதும் நகரைச் சுற்றியுள்ள வானத்தைக் கவனிக்கும் பிரிவு, பிறகு நெடுவழியைக் கவனிக்கும் பிரிவு, கடைசியில் எல்லையில் கொழும்பு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புதிய அலைவரிசை. ஒரே அலைவரிசையில் காதை வைத்திருப்பவருக்கு ஒரு விமானம் திடீரென்று வந்து திடீரென்று மறைவது அதனால்தான்.

புதிதாகக் கேட்பவரை முதலில் மிரட்டுவது வேகம். எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வாக்கியம்: “ஐஃப்ளை ட்ரீ டூ ஃபோர், விண்ட் டூ சிக்ஸ் ஜீரோ டிகிரீஸ் எய்ட் நாட்ஸ், ரன்வே டூ ஃபைவ், க்ளியர்ட் டு லேண்ட்.” மொத்தம் ஐந்தாறு விநாடி. பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். ‘ஐஃப்ளை’ என்பது இண்டிகோ. பயணச்சீட்டில் 6இ என்று அச்சாகும் நிறுவனம் வானொலியில் இந்தப் பெயரில் வருகிறது. லண்டனிலிருந்து வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீட்பேர்ட்’. எண்கள் ஒவ்வொன்றாக உச்சரிக்கப்படுகின்றன. மூன்று ‘ட்ரீ’ ஆகிறது, ஒன்பது ‘நைனர்’ ஆகிறது, இரைச்சலில் ஒன்றை மற்றொன்றாகக் காது எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. காற்று 260 பாகையிலிருந்து எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் வீசுகிறது. ஓடுபாதை 25. கடைசியாக, அது உனக்கானது, இறங்கலாம். யாரை அழைக்கிறோம், என்ன நிலைமை, எந்த இடம், என்ன அனுமதி என்ற வரிசை பிடிபட்டுவிட்டால் காது அடுத்த சொல்லுக்காக முன்கூட்டியே காத்திருக்கத் தொடங்கும்.

விமானி இதற்கு ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஓடுபாதை எண்ணையும் அனுமதியையும் தன் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்லவேண்டும். கோபுரத்தில் இருப்பவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, தவறிருந்தால் அங்கேயே திருத்தவேண்டும். சென்னையிலும் சிகாகோவிலும் நாள் முழுக்க நடக்கும் இந்தச் சலிப்பூட்டும் ஒப்புவித்தல்தான் விமானப் பேச்சின் முதுகெலும்பு. பரபரப்பை எதிர்பார்த்துக் கேட்க வருகிறவர்கள் சில நாளில் விலகிவிடுவார்கள். இந்த ஒப்புவித்தலின் அழகைக் கண்டுகொண்டவர்கள் மட்டுமே தங்குகிறார்கள்.

அது குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. கேனரித் தீவுகளின் டெனரீஃப் விமான நிலையத்தில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள், ஒன்று கே.எல்.எம்., மற்றொன்று பான் ஆம். கே.எல்.எம். விமானி கிளம்ப அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடத் தொடங்கினார். காத்திருக்கும்படி கோபுரம் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னதும் ஒரே நொடியில் மோதிக்கொண்டன. கே.எல்.எம். விமானிகளின் காதில் விழுந்தது கீச்சென்ற ஓசை. 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கவேண்டும் என்று விதி வந்தது. மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’.

ஏ.எம். முறையின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பண்பலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மெலிந்ததை முழுதாக விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம். முறையில் கீச்சொலியாவது கேட்கும். யாரோ குறுக்கிட்டுவிட்டார்கள், மறுபடி கேள் என்று அந்த ஓசை எச்சரிக்கிறது. டெனரீஃபில் அந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்தியாவுக்கும் இதில் கண்ணீர்க் கணக்கு உண்டு. 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டார்கள். கஜகஸ்தான் விமானத்துக்குத் தரப்பட்ட உயரம் 15,000 அடி. எதிரே 14,000 அடியில் விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்தும் இருந்தார். ஆனால் அந்த விமானத்தில் ஆங்கிலத்தில் பேசியவர் விமானி அல்ல, தனியாக ஒரு வானொலி இயக்குநர். அவர் காதில் விழுந்தது விமானத்தை ஓட்டியவர்களின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மோதல் தடுப்புக் கருவி இந்திய வானில் கட்டாயமானதும், டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வான்வழி வகுக்கப்பட்டதும் இதன் பிறகுதான். 1998-இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்திறன் தேர்வைக் கொண்டுவர முடிவெடுத்தபோது அதன் மனத்தில் இருந்த விபத்துகளில் இதுவும் ஒன்று. பாரிஸில் பிரெஞ்சிலும் பேசிக்கொள்வார்கள். சென்னையிலும் மதுரையிலும் இருபுறமும் தமிழர்களாகவே இருந்தாலும் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கவேண்டும். அதே அலைவரிசையில் காத்திருக்கும் மூன்றாவது விமானிக்கும் அது புரிந்தாக வேண்டும்.

இவ்வளவு கற்கத் தகுந்த பேச்சை ஏன் கேட்க முடிவதில்லை? காரணம் சட்டம். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலத்தை மயிலாப்பூர், அடையாறு பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். அது 1980-களில் ஒழிந்தது. ஆனால் அதற்கு அடியிலிருந்த 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒழியவில்லை. உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதே அதன்படி குற்றம். அதற்கும் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், 3-ஆவது பிரிவில், வானொலிக் கருவி வைத்திருக்க அங்கீகாரம் வேண்டும் என்ற அதே எண்ணத்தைத் தொடர்கிறது. செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்பதற்கு 42-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம்.

இது ஏட்டில் மட்டும் உள்ள அச்சம் இல்லை. 2010 பிப்ரவரியில் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு விமான ஆர்வலர்கள் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ஓடுபாதை தெரியும் அறையாகக் கேட்டுத் தங்கினார்கள். சந்தேகப்பட்ட ஊழியர்கள் தகவல் கொடுக்க, அறையிலிருந்த விமானத் தடங்காட்டும் கருவிகளோடு போலீஸார் அவர்களைக் கைது செய்தார்கள். சிறையிலும் நீதிமன்றத்திலுமாக இரண்டு மாதம் போனது. ஏப்ரலில் தந்திச் சட்டத்தின் கீழ் ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் கட்டி ஊர் திரும்பினார்கள். பிரிட்டனின் சொந்தச் சட்டமும் இத்தகைய பேச்சைக் கேட்க அனுமதிப்பதில்லை. ஆனால் அங்கே ஆர்வலர்களை யாரும் துரத்துவதில்லை. இந்தியாவில் மும்பைத் தாக்குதல் நடந்து அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை என்பதையும் சேர்த்தே அந்தக் கைதைப் பார்க்கவேண்டும். 2025 மே மாதத்தில்கூட உரிம விவரம் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆர்வத்தில் கருவி வாங்கி மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டும் கல்லூரி மாணவர் இந்த வரலாறு முழுதையும் தெரிந்துகொண்டுதான் கைவைக்கவேண்டும். பொழுதுபோக்கு வானொலிக்கான ஹாம் உரிமம் பெற்றிருப்பதும் இதற்குக் கவசமாகாது. அது ஹாம் அலைவரிசைகளுக்கு மட்டுமானது.

பாதுகாப்பு வாதத்தைத் தூக்கிப்போட்டுவிட முடியாது. எல்லைப் பதற்றமான நாட்களில் எந்த விமானம் எங்கே என்பதை நேரலையில் பரப்புவது ஆபத்தாக முடியலாம். கட்டுப்பாட்டாளர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு: ஒரு நாளில் ஆயிரம் வாக்கியம் பேசுகிறவரின் ஒரு தடுமாற்றத்தை வெட்டியெடுத்துச் சமூக ஊடகம் கூண்டில் ஏற்றிவிடும். ஆனால் கேட்பதையும் ஒலிபரப்புவதையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. அந்த அலைவரிசையில் குறுக்கே பேசுகிறவர் உயிர்களோடு விளையாடுகிறார். அவருக்கு எந்தத் தண்டனையும் அதிகமில்லை. காதால் மட்டும் கேட்கிறவர் எதையும் கெடுப்பதில்லை. மறையாக்கம் இல்லாமல், அந்த வானத்திலுள்ள எல்லா விமானிகளும் கேட்கவேண்டும் என்றே திறந்துவிடப்பட்ட பேச்சு அது. விமானி அறைக்குள் நடக்கும் அந்தரங்க உரையாடலைப் பதியும் கருவியோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது.

மௌனத்துக்கும் விலை உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்ததும், விமானியின் கடைசிச் சொற்கள் என்று நீளநீளமான வாக்கியங்கள் பரவின. ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கையின்படி வானொலியில் வந்தது மூன்று முறை ‘மேடே’ என்ற அபாய அழைப்பு மட்டும். கட்டுப்பாட்டாளர் அழைப்புப் பெயரைக் கேட்டார், பதில் வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குப் போன ஏர் இந்தியா 2455 சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டு, முதல் முயற்சியில் இறங்காமல் மேலெழுந்தது. ஓடுபாதையில் வேறு விமானம் இருந்ததால்தான் அப்படி ஆனது என்று விமானியே அறிவித்ததாக, உள்ளே இருந்த காங்கிரஸ் எம்.பி. கே.சி. வேணுகோபால் சொன்னார். மேலெழச் சொன்னது சென்னைக் கட்டுப்பாடு, காரணம் வேறு விமானம் இல்லை என்று ஏர் இந்தியா மறுத்தது. இத்தகைய பேச்சுகளைக் குறைந்தது 30 நாள் பாதுகாக்கவேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஒரு நிமிட ஒலிப்பதிவில் தீரக்கூடிய விவாதம் இரண்டு கூற்றுகளாக அப்படியே நின்றுபோனது.

சட்டத்துக்கு உட்பட்டே கற்க விரும்பும் சென்னைக்காரருக்குக் கதவுகள் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. முதல் கதவு எழுத்தில் வரும் வானிலை. ‘வி.ஓ.எம்.எம்.’ என்ற குறியீட்டோடு மீனம்பாக்கத்தின் வானிலைக் குறிப்பு அரைமணிக்கொரு முறை பொதுவெளியில் வெளியாகிறது. அதில் 09010 என்றிருந்தால் காற்று 90 பாகையிலிருந்து, பத்து நாட். 1008 என்றால் காற்றழுத்தம் அத்தனை ஹெக்டோபாஸ்கல். நேரம் உலகப் பொதுநேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளவேண்டும். தானியங்கிக் குரலில் விமானிகளுக்குத் திரும்பத்திரும்ப ஒலிக்கும் தகவலின் சாரமும் ஏறக்குறைய இதுதான். இதைப் படித்து, இப்போது எந்த ஓடுபாதை நடப்பில் இருக்கும் என்று கணித்து, தடங்காட்டும் செயலியில் சரிபார்ப்பது நல்ல தொடக்கம்.

இரண்டாவது, இணையத்தில் வரும் வெளிநாட்டு ஒலிகள். கென்னடி போன்ற பெருநிலையத்தில் தொடங்கினால் காது களைத்துவிடும். நெரிசலில்லாத சிறு நிலையத்தின் டவர் அலைவரிசையே தொடக்கத்துக்கு ஏற்றது. அமெரிக்கப் பேச்சு உலக வழக்கிலிருந்து விலகும் இடங்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். நாம் ‘டெசிமல்’ என்பதை அவர்கள் ‘பாயின்ட்’ என்பார்கள். காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். முன்னால் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வருபவருக்கும் இறங்க அனுமதி தந்துவிடுவார்கள். மூன்றாவது, 2001 முதல் இயங்கும் வாட்சிம் போன்ற மெய்நிகர் வலையமைப்புகள். கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்குத் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்து அசல் மரபுத்தொடர்களில் பேசுகிறார்கள். சென்னையின் பெயரிலும் அங்கே இருக்கைகள் உண்டு. கேட்பதோடு நிற்காமல் வாய்திறந்து திருப்பிச் சொல்லவும் அங்கே இடமிருக்கிறது.

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை மட்டுமில்லை. இந்தியாவில் விமானி ஆக ஆர்.டி.ஆர். என்ற வானொலித் தேர்வில் தேறவேண்டும்; அதன் வாய்மொழிப் பகுதி மாணவர்களைத் திணறடிப்பதில் பேர்போனது. நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த, அந்தத் தேர்வை நடத்தும் பொறுப்பை, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு மாற்றியிருக்கிறது. விமானம் பறப்பதை அறிந்த துறையின் கைக்குத் தேர்வு வந்திருக்கும் நேரத்தில், நியூயார்க் ஒலியைக் கேட்டுச் சென்னை மாணவர் தயாராகும் நிலையையும் அது மாற்றலாம். நேரலை வேண்டாம், அசாதாரண நிகழ்வு எதுவும் வேண்டாம். சென்னை டவரின் சாதாரணமான ஒரு பிற்பகல், கடல்காற்று திரும்பி ஓடுபாதை 25-இலிருந்து 07-க்கு மாறும் அந்த ஒரு மணி நேரப் பேச்சை, இரண்டு மாதம் கழித்து, பெயர்களை நீக்கி விமான நிலைய ஆணையம் வெளியிட்டால் போதும். பயிற்சிப் பள்ளிகளுக்கு அதுவே முழுப் பாடப்புத்தகம் ஆகும்.